திருப்ப முடியாத ரயில்கள்

நான் ரயில்களுக்கு அட்டவணை போடுகிறவன். சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில்கள் எந்த நிமிடத்தில் எந்த நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். தீபாவளிக்கு முதல் நாள் தேக்கா கடைத்தெருவில் கூட்டம் கலைய நேரமாகும் என்று கடைசி ரயிலைச் சற்றே தள்ளிப்போட்டால்கூட, அதற்காக எங்கள் அலுவலகத்தில் பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். ஊர் ஜனங்களுக்கு அதெல்லாம் தெரியாது. கொஞ்சம் தாமதமானால் திட்ட மட்டும் தெரியும். இந்த வேலையிலேயே தலை நரைத்துப்போனவனுக்கு எதைப் பார்த்தும் லேசில் வாய் பிளக்க வராது. என்னை வாய் பிளக்க வைத்தது முதல் உலகப் போர்தான்.

அலுவலகத்தில் உடன் வேலை பார்க்கும் சீனப் பெண் அந்தப் போரைப் பற்றிய ஒரு பாட்காஸ்ட் தொடரை அனுப்பி, இது முழுக்க உங்கள் ரயில் கதைதான் என்று எழுதியிருந்தாள். செம்பவாங்கிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் அதைக் காதில் மாட்டிக்கொண்டேன். முதல் நாளே இறங்க வேண்டிய நிலையத்தைக் கோட்டை விட்டேன். அட்டவணைக்காரனே நிலையத்தைத் தவறவிட்டான் என்று அலுவலகத்தில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு இவ்வளவுதான் ஞாபகம். சரயேவோவில் ஓர் இளைஞன் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டான், உடனே உலகம் முழுக்கச் சண்டை மூண்டது. அந்த வயதில் அது சரியான புளுகாகத் தெரிந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தத்துக்கு எதற்காகப் பத்து நாடு ஓடி வர வேண்டும்? இப்போது கேட்டபோதுதான் புரிந்தது. ஆஸ்திரியா செர்பியாவை மிரட்டியது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை. ஆஸ்திரியாவின் கூட்டாளியான ஜெர்மனிக்கு ரஷ்யாவைக் கண்டால் பயம். ரஷ்யாவோடு பிரான்ஸ் ஒப்பந்தம் செய்திருந்தது. பெல்ஜியத்தை யாரும் தொடக் கூடாது என்று பிரிட்டன் வாக்குக் கொடுத்திருந்தது. கப்பல் கட்டுவதில் போட்டி, காலனி பிடிப்பதில் போட்டி, பழைய தோல்விகளின் வஞ்சம் என்று வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த புகைச்சல் வேறு. இதற்கெல்லாம் மேலே, ஒவ்வொரு நாட்டு ராணுவமும் ஒரு ரயில் அட்டவணையைத் தயாராக வைத்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். படையைத் திரட்டுவது என்றால், ஊர் ஊராக ஆட்களைக் கூப்பிட்டு, குதிரை, பீரங்கி, ரொட்டி எல்லாவற்றோடும் ரயிலேற்றி எல்லைக்குக் கொண்டு சேர்ப்பது. கட்டாய ராணுவச் சேவை முடித்து ரிசர்விஸ்டாக இருந்த காலத்தில் நானும் தொலைக்காட்சித் திரையில் எங்கள் படைப்பிரிவின் ரகசியப் பெயர் வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்தான். அது பயிற்சி, இரவுக்குள் வீடு திரும்பிவிட்டேன். அங்கே லட்சக்கணக்கான ஆட்கள், ஆயிரக்கணக்கான ரயில்கள், சில நிமிடத்துக்கு ஒன்றாக ரைன் நதிப் பாலத்தைக் கடந்தன. கணினி கிடையாது. பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அந்த மனிதர்களுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். எதற்காக அவ்வளவு அழகாகப் போட்டார்கள் என்று நினைத்தபோது குலை நடுங்கியது.

அந்த அட்டவணைகளில் ஒரு பொல்லாத குணம் இருந்தது. பக்கத்து நாடு முந்திக்கொண்டால் நம் கதை முடிந்தது என்று எல்லாரும் நம்பினார்கள். ஆகவே ஒருவன் எதற்கும் இருக்கட்டும் என்று தொடங்கினால் அடுத்தவன் சும்மா இருக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டில் மகளுக்குக் கல்யாண ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. அவளும் பையனும் பழகத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், இருவர் பெயரிலும் பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அரசாங்க அடுக்குமாடி வீடு. கட்டத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே இளசுகள் எல்லாரும் அப்படித்தான், முதலில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிடுவார்கள். வீடு கிடைத்தது. முன்பணம் கட்டினார்கள். முன்பணம் கட்டியதால் நிச்சயம் செய்தோம். சில வருடம் கழித்துச் சாவி வந்தது. சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஆகவே பதிவுத் திருமணத்துக்கு ஒரு சனிக்கிழமை குறித்தோம், கோயில் கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்தோம். இதில் எந்தப் படியிலும் யாரும் உட்கார்ந்து யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"பொண்ணு மொகமே சரியில்லீங்க," என்றாள் என் மனைவி. கல்யாணப் பதற்றம் என்று நான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் புது வீட்டுக்குத் தரை ஓடு தேர்ந்தெடுக்கப் போனோம். "எதுனாலும் ஓகேப்பா," என்றாள் மகள். நாசி லெமாக் சோற்றுக்குச் சம்பல் ஒரு கரண்டி குறைந்தால்கூடக் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிற பெண் அவள். அவள் வாயிலிருந்து எதுவானாலும் சரி என்ற சொல் வந்ததும் கையிலிருந்த மாதிரி ஓட்டைக் கீழே வைத்துவிட்டேன். இவளுக்கு இந்தக் கல்யாணத்தில் மனமில்லையோ என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது, அதன் பிறகு போகவே இல்லை.

பதிவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கைகளை வாங்க நானும் அவளும் சிராங்கூன் ரோட்டுக்குப் போனோம். வேலை முடிந்து தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்தோம். நுரை பொங்க ஆற்றிய டீ, இரண்டு தே தாரிக். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், காது கிழியும் சத்தம். அவள் கரண்டியால் டீயைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். எனக்கு மௌனம் ஆகாது. மனதில் இருந்ததைக் கேட்கவும் தைரியம் வரவில்லை. காலையில் கேட்ட அத்தியாயம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லத் தொடங்கினேன்.

ஜெர்மன் சக்கரவர்த்தியும் ரஷ்யச் சக்கரவர்த்தியும் உறவுக்காரர்கள் என்றேன். கடைசி வாரத்தில், செல்லப் பெயரில் கையெழுத்துப் போட்டு, நீ நிறுத்து, நீ நிறுத்து என்று ஒருவருக்கொருவர் தந்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தி படை திரட்டும் உத்தரவை ஒரு தடவை கொடுத்துவிட்டுத் திரும்பக்கூட வாங்கினார். பாதிப் படையை மட்டும் திரட்டுவதற்கு எங்களிடம் திட்டமே இல்லை என்று அவருடைய தளபதிகள் கையைப் பிசைந்தார்கள். மறுநாள் முழு உத்தரவும் போய்விட்டது. பிறகு ஜெர்மனியில், படை கிளம்பும் நாளன்று, பிரான்ஸைத் தொடாவிட்டால் பிரிட்டன் ஒதுங்கிக்கொள்ளும் என்று லண்டனிலிருந்து ஒரு தகவல் வந்தது. சக்கரவர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியானால் மொத்தப் படையையும் கிழக்கே திருப்புங்கள் என்றார். தளபதி முடியாது என்றுவிட்டார். ஒரு வருட உழைப்பு, அத்தனை ரயில்களையும் இப்போது திருப்பினால் சோறில்லாத கும்பல்தான் மிஞ்சும் என்றார்.

"சக்கரவர்த்தி சொல்லியுமா?" என்று கேட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி.

"சக்கரவர்த்தி சொல்லியும்தான். அன்னைக்கு ராத்திரியே லண்டன் தகவல் தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ரயிலெல்லாம் மேற்கதான் போச்சு."

"அப்புறம்?"

மேசையில் கோப்பைகளை நகர்த்தி நகர்த்திச் சொன்னேன். பிரான்ஸுக்குப் போக வழி விடு என்று ஜெர்மனி கேட்டது, சின்னஞ்சிறு பெல்ஜியம் மாட்டேன் என்றது. யாராலும் உடைக்க முடியாது என்று பேர் வாங்கிய கோட்டைகளை, துண்டு துண்டாக ரயிலில் கொண்டு வந்து பூட்டிய ராட்சத பீரங்கிகள் நொறுக்கின. பிரெஞ்சுக்காரர்கள் பளீரென்ற சிவப்புக் கால்சட்டை போட்டுக்கொண்டு திறந்த வயலில் இயந்திரத் துப்பாக்கிக்கு நேராக ஓடினார்கள். ஜெர்மானியர் பாரிஸை நெருங்கியபோது, ஊர் டாக்சிகள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போயின. அங்கே அவர்களைத் தடுத்து நிறுத்தியதும் இரண்டு படைகளும் பள்ளம் வெட்டி உட்கார்ந்தன, அந்தப் பள்ளம் கடல்வரை நீண்டது. இந்தியாவிலிருந்து நம் ஊர்ப் பட்டாளத்தையும் குளிருக்குப் பழக்கமில்லாத உடம்போடு அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். இலை உதிர்வதற்குள் வீடு திரும்பலாம் என்று கிளம்பியவர்கள் எல்லாரும்.

"நெஜமாவே திருப்பியிருக்க முடியாதாப்பா? நீங்க சொல்லுங்க. உங்க வேலைதானே?"

அப்போது ஜெர்மன் ராணுவத்தின் ரயில் பிரிவை நடத்தியவர், போர் முடிந்த பிறகு, முடியாது என்ற பேச்சால் புண்பட்டு, திருப்பியிருக்கலாம் என்று வரைபடங்களோடு எழுதி வெளியிட்டதைச் சொன்னேன். அதை நான் நம்புகிறேன் என்றும் சொன்னேன். மேலதிகாரி வந்து அட்டவணையை மாற்றச் சொன்னால் நாங்களும் முதலில் முடியாது என்றுதான் சொல்வோம். பெரும்பாலும் அதற்கு அர்த்தம், எனக்குச் சிரமம் என்பதுதான்.

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர அப்பவே யாராச்சும் கேட்டாங்களா?"

"கேட்ட மாதிரி தெரியல."

"அப்ப நான் உங்கள கேக்குறேன்பா. சாட்டர்டே ரெஜிஸ்ட்ரேஷன நிறுத்த முடியுமா?" அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "அவன் நல்லவன்தான்பா. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. வீட்டப் பத்தி மட்டும்தான் பேசுறோம். டைல்ஸ், ஏர்கான், கேபினெட். அது முடிஞ்சிட்டா பேச ஒண்ணுமே இல்லப்பா."

திருச்சியிலிருந்து விமானச் சீட்டு எடுத்துவிட்ட மைத்துனர் குடும்பம், சொல்லி வைத்த கோயில், அடித்து வந்த பத்திரிகை, திருப்பிக் கொடுத்தால் நஷ்டமாகப் போகும் வீடு, எல்லாம் என் தொண்டை வரை வந்தன. முடியாது என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. என் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியும்," என்றேன். "செரமம். ஆனா முடியும்மா."

வீட்டில் என் மனைவி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாள். "பைத்தியமா ஒங்க ரெண்டு பேருக்கும்? எங்கண்ணன் டிக்கெட் எடுத்தாச்சு. அவங்க வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்க. அந்தப் பையன் எவ்ளோ ஆசையா இருக்கான்!" பிறகு மகளின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "கெளம்புங்க. நேர்ல போய்ச் சொல்லிடுவோம். போன்ல சொல்ற விஷயமா இது?"

பையன் வீடு பூன் லேயில். அவனுடைய அம்மாவை நானும் என் மனைவியும் எங்களுக்குள் எம்டன் என்றுதான் சொல்வோம். அதே போரின் தொடக்கத்தில் சென்னைமேல் குண்டு போட்டுவிட்டு, பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்த ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அந்த அம்மாளும் குரலைக் கூட்டாமலே ஆளை மூழ்கடித்துவிடுவார். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன்.

"வாங்க சம்பந்தி," என்று அவருடைய கணவர் கதவைத் திறந்தார். பையனும் வரவேற்பறையில் இருந்தான். உட்கார்ந்தோம். நான் தொண்டையைச் செருமினேன்.

"நீங்க இருங்கப்பா," என்றாள் என் மகள். எழுந்து நின்றாள். "ஆன்ட்டி, அங்கிள், மன்னிச்சிருங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அவன்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு மனசு இல்லாம சைன் போட முடியல." நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். முடிசூடிய தலைகள் தந்தி மேல் தந்தி அடித்தும் செய்யாததை, இருபத்தேழு வயதுப் பெண் ஓர் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் நின்று செய்தாள். என் பிள்ளையை நான் அண்ணாந்து பார்த்த நாள் அதுதான்.

பையன் தரையைப் பார்த்தபடி கேட்டான். "எப்பலேர்ந்து?"

"சாவி வாங்கி உள்ள போனோம்ல, அன்னைக்கு. எம்ட்டி ஹால்ல நின்னப்ப தெரிஞ்சிருச்சு."

அவன் தலையை நிமிர்த்தினான். பிறகு, "எனக்கும் அன்னைக்குத்தான்," என்றான்.

அவன் அம்மா திரும்பினார். "ஏன்டா சொல்லல?"

"எப்டிம்மா சொல்றது? நீங்க எல்லாரையும் கூப்ட்டாச்சு. இவளுக்கு ரொம்ப ஆசைன்னு நெனச்சேன் லா."

அந்த அம்மாள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். என் மனைவியைப் பார்த்து, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில், "நீங்க ரொம்ப ஆசப்படுறீங்கன்னு நாங்க நெனச்சோம்," என்றார்.

"நீங்கதான் ஆசப்படுறீங்கன்னு நாங்க," என்று சொல்லும்போதே என் மனைவி உடைந்து அழுதாள். அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

என் மகள் வாயைத் திறந்திருக்காவிட்டால், வருகிற சனிக்கிழமை நாங்கள் நால்வரும் பட்டு உடுத்திக்கொண்டு போய், இரண்டு பிள்ளைகளையும் கையெழுத்துப் போட வைத்து, கையும் தட்டியிருப்போம்.