காந்தத்தில் ஒட்டாத சாவி

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மெர்சி சிஸ்டரைப் பற்றி வேறு யார் எழுதினாலும் தடுப்பூசியில் ஆரம்பிப்பார்கள். நான் சாவியில்தான் ஆரம்பிப்பேன். அந்தச் சாவிகளால் என் மருந்து அலமாரியில் ஒரு தட்டே பறிபோனது. மாத்திரை அடுக்க வேண்டிய இடத்தில் நான்கு பிஸ்கட் டப்பாக்கள். நான்கிலும் சாவி. பீரோச் சாவியோ வீட்டுச் சாவியோ இல்லை, எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கார்களின் சாவி. "கொல்லிமலையில உட்கார்ந்துக்கிட்டு லண்டன் கார் சாவி கேக்குதா உங்களுக்கு?" என்று நான் எரிந்து விழாத நாள் கிடையாது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஐந்தாவது டப்பாவுக்கு இடம் கேட்பார்.

நான் இளங்கோ, இங்கே மருந்து கொடுப்பவன். ஆத்தூர்க்காரன். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு மலையிறங்கிவிடலாம் என்று வந்தேன், ஆறு வருஷம் ஆகிவிட்டது. மெர்சி சிஸ்டர் வந்து பதினொரு வருஷம். சொந்த ஊர் திண்டுக்கல். அவருடைய அப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். ஆகவே சாவியைக் கண்டால் இவருடைய கை சும்மா இருக்காது.

சிஸ்டர் வந்த முதல் மாதமே மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் ஒருவர் களத்துமேட்டில் வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் அவருடைய விரல்களைப் பிரித்து ஒரு சாவியைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்பது இங்கே பலருக்கும் நம்பிக்கை. சிஸ்டர் அவர்களை விலக்கி, ஆளை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வழிய வழி செய்துவிட்டுக் காத்திருந்தார். இரண்டு நிமிஷத்தில் ஆள் தெளிந்துவிட்டார். "பாத்தீங்களா, சாவி வேலை செஞ்சிருச்சு" என்றார்களாம். சிஸ்டர் அந்தச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார். தலைப்பகுதியில் 'மேட் இன் இங்கிலாந்து' என்று பொடி எழுத்து, அதன் கீழே ஒரு எண். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை.

பார்க்கப் பார்க்க வீட்டுக்கு வீடு கிடைத்தது. தொட்டில் கயிற்றில் ஒன்று, குழந்தையின் அரைஞாணில் ஒன்று. சேலத்தில் பழைய கார்களை உடைத்த ஒரு வியாபாரி, மிஞ்சிய சாவிகளை மூட்டை கட்டி மலைச் சந்தைக்குக் கொண்டுவந்து, காத்துகருப்பு அண்டாத சுத்தமான இரும்பு என்று விற்றுத் தீர்த்துவிட்டானாம். அந்தக் காலத்துப் பேச்சு, எவ்வளவு உண்மையோ தெரியாது. சிஸ்டர் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை. குழந்தை தொட்டிலை விட்டு இறங்கி ஓட ஆரம்பித்ததும் அவர்களாகவே கொண்டுவந்து கொடுப்பார்கள். "நர்சம்மாவுக்குச் சாவின்னா உசுருங்க" என்று ஊரே சொல்லும்.

சாவி வந்தவுடன் ஒரு சடங்கு நடக்கும். முதலில் புளி போட்டுத் தேய்ப்பார். பிறகு லென்ஸ் வைத்து எழுத்தைப் படிப்பார். கடைசியில் உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவார். ஒட்டினால் பிற்காலத்தில் யாரோ வெட்டிய மாற்றுச் சாவியாக இருக்கலாம். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அசல், வெள்ளி நிறத்தில் ஒரு மாதிரிப் பித்தளை. இதையெல்லாம் அவருக்குப் போனில் சொன்னவர் சேலத்தில் பழைய கார்களைச் சீர்செய்யும் மணிவண்ணன். எஃப்.ஏ. என்று எழுத்து இருந்தால் அதற்குப் பின்னால் வரும் எண்கள் 501-இல் தொடங்கி மொத்தமே நூற்றுச் சொச்சம்தானாம். அதையே மாரிஸ், ஆஸ்டின் என்று எல்லாக் கார்களுக்கும் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். காரின் பூட்டு முகத்திலும் அதே எண் இருக்கும். எண் பொருந்தினால் போதும், எந்தக் காரின் சாவியாக இருந்தாலும் திறக்கும். அப்படி இரண்டு கார்களுக்குச் சிஸ்டரின் டப்பாவிலிருந்து சாவி போயிருக்கிறது. மணிவண்ணனின் பட்டறையில் ஒரு மாரிஸ் மட்டும் இரண்டு வருஷமாகச் சாவியில்லாமல் நின்றது. எஃப்.ஏ. 571. புதிதாக வெட்டிப் பார்த்த சாவிகளெல்லாம் பாதியிலேயே சிக்கிக்கொண்டனவாம். சிஸ்டர் அந்த எண்ணைச் சர்ச்சில் செய்யும் செவ்வாய்க்கிழமை ஜெபத்தில்கூடச் சேர்த்திருப்பார் என்று நான் கிண்டல் செய்வேன்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை பாப்பாத்தியக்கா தன் மகள் யமுனாவை மாதாந்திர மாத்திரைக்குக் கூட்டிவந்தார். மரவள்ளியும் மிளகும் போடுகிற குடும்பம். யமுனாவுக்கு ஆறு வயதிலிருந்து வலிப்பு. அந்த வயதில்தான் அம்மா ஒரு சாவியைக் கறுப்புத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டினார். பெண்ணுக்குப் பதினாறு வயதானபோதுதான் சிஸ்டர் நடையாய் நடந்து, பெரிய டாக்டரிடம் காட்டி, மாத்திரையை ஆரம்பிக்கவைத்தார். அதிலிருந்து இரண்டு வருஷமாக ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. பாப்பாத்தியக்கா மாத்திரையையும் தவறாமல் கொடுத்தார். ஆனால் புகழ் முழுக்கச் சாவிக்கு. வீட்டைவிட்டுப் பெண் அடியெடுத்து வைத்தால் முதல் கேள்வி, "சாவி இடுப்புல இருக்குதா சாமி?"

அன்றைக்கு யமுனாவின் கையில் ஒரு காகிதம் இருந்தது. நாமக்கல்லில் கல்லூரியும் விடுதியும் கிடைத்துவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள். எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. விடுதிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுக்கயிறு மாற்றிவிடலாமென்று அம்மா எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கறுப்புத் துணியை அவிழ்த்தார்.

சிஸ்டரின் கண் அங்கே போய்விட்டது. இரண்டு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் துணிக்குள் இருந்ததை அவர் பார்த்ததில்லை.

"அய்யோ சார், இங்க வாங்க! எஃப்.ஏ. ஐநூத்தி எழுபத்தொண்ணு!" என்று கத்தினார். கை தானாகக் காந்தத்தை எடுத்தது. சாவி அசையவில்லை. "ஒட்டலை சார், ஒட்டலை! இது இரும்பே இல்ல, அசல்!"

வாயை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? பாப்பாத்தியக்காவின் முகம் வெளிறிவிட்டது.

"ஏனுங்க நர்சம்மா, இரும்பு இல்லீங்களா?"

சிஸ்டர் அப்போதுதான் தான் செய்ததை உணர்ந்தார். சேலத்தில் ஒரு காருக்கு இந்தச் சாவியைத் தேடியது, அது இது என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அக்கா காதில் ஏறவில்லை. "இரும்பே இல்லாம இத்தன வருசம் எம் புள்ளைய வெளிய தெருவுல உட்டிருக்கனே. இனி முன்ன பின்ன தெரியாத ஊர்ல கொண்டுபோயி உடறதுங்களா? காலேசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாமுங்க." காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். யமுனா வாசலில் திரும்பிச் சிஸ்டரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கோபம் நியாயமானது.

சிஸ்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை. "என் ஆசையால ஒரு பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டுட்டேன் சார்" என்று ஒரே புலம்பல். எனக்கு வந்த எரிச்சலில், "ஆமா, போட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை, டீ வாங்கி வந்து வைத்தேன்.

புதன்கிழமை காலையில் பாப்பாத்தியக்காவே வந்தார், யமுனாவும் கூட. சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"நல்லா யோசன பண்ணிட்டனுங்க. உங்க டப்பாவுல காந்தம் புடிக்கற இரும்புச் சாவி இருக்குமில்லீங்க? அதுல ஒண்ணு குடுங்க. இத நீங்களே வெச்சுக்கங்க. நாளைக்கழிச்சு புள்ளையக் காலேசுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அடேயப்பா, பிரச்சினை தீர்ந்தது என்று நான் டப்பாவையே திறந்துவிட்டேன். அக்காவுக்கு இரும்பு, சிஸ்டருக்கு 571, பெண்ணுக்குப் படிப்பு. இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் மெர்சி சிஸ்டர் அந்தச் சாவியை எடுத்து, ஒரு கணம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தர மாட்டேன்க்கா. இதையும் வாங்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று வாய்விட்டே கேட்டேன்.

"சார், நான் என் கையால இரும்பை எடுத்துக் குடுத்தா, நர்சம்மாவே குடுத்தாங்கன்னு ஆயிடும். ஹாஸ்டல்ல மாத்திரை தீர்ந்தா, அதான் சாவி இருக்கேன்னு விட்டுடுவாங்க. அன்னைக்கு இந்தப் பொண்ணு எங்க விழுவான்னு யாருக்குத் தெரியும்?" பிறகு நோயாளிப் பதிவேட்டைத் திறந்து அக்கா பக்கம் திருப்பினார். "அக்கா, சாவி கட்டினது எப்போ?"

"ஆறு வயசுலைங்க."

"அப்புறம் வலிப்பு நின்னுச்சா?"

"எங்கீங்க நின்னுச்சு? மாசம் ரெண்டு மூணு வரும். கெணத்து மேட்டுல ஒருக்கா, பள்ளிக்கூடத்துல ஒருக்கா..." அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். பதினாறு வயதில் விரல் நின்றுவிட்டது. அங்கிருந்து நகரவில்லை. ரொம்ப நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது மாத்திரை ஆரம்பிச்ச வருசம்மா" என்றாள் யமுனா மெதுவாக.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு!" என்று அக்கா மகள்மேல் பாய்ந்தார். சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சம்மதமா, கோபமா, ஒன்றும் புரியவில்லை. வியாழக்கிழமை முழுக்கச் சிஸ்டர் வாசலைப் பார்ப்பதும், என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்கு நாங்கள் இருவரும், சொல்லிவைத்துக்கொள்ளாமலேயே, ஸ்டாப்பில் நின்றோம். தலையில் ஒரு தகரப் பெட்டியோடு பாப்பாத்தியக்கா வந்தார், பின்னால் யமுனா. எனக்கு உயிர் வந்தது. அக்கா நேராக என்னிடம் வந்து ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். விடுதிக்கென்று திங்கட்கிழமையே நான் கொடுத்த மூன்று மாதத்து மாத்திரை எண்ணி வைத்திருந்தது சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றேன்.

"அந்தச் சாவியும் இடுப்புல இருக்குதுங்க" என்று சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார், சண்டைக்கு வருகிற மாதிரி. "ரெண்டும் இருக்கட்டுமுங்க."

"இருக்கட்டும்க்கா" என்றார் சிஸ்டர். மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டி தாண்டி பஸ் நாமக்கல் போய்ச் சேர்ந்த செய்தி மத்தியானம்தான் வந்தது. மணிவண்ணனுக்குப் போன் போட்டு, சாவி கிடைத்தது, ஆனால் கொடுப்பதற்கில்லை என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். அந்த மனுஷன் பாவம், காரணம் கேட்டுவிட்டு, அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்மா என்று வைத்துவிட்டார்.

பொங்கலுக்கு யமுனா வந்துவிட்டுப் போனாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. போன மறுநாள் பாப்பாத்தியக்கா தனியாக வந்தார். கையில் கறுப்புத் துணி இல்லாத வெறும் சாவி.

"பெட்டிக்குள்ளதான் கெடந்துச்சாம். ஆஸ்டலுக்குப் போன மறுநாளே கழட்டி வெச்சுட்டாளாம் கழுத. ஆறு மாசமுங்க! ஒருக்காகூட வலிப்பு வரலீங்க." திட்டுகிறாரா பெருமைப்படுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. "ஆரோ காருக்கு வேணும்னீங்களே, குடுத்துருங்க."

சிஸ்டர் இந்த முறை வாங்கிக்கொண்டார். சாவி கூரியரில் சேலம் போனது. பத்து நாள் கழித்து மணிவண்ணன் ஒரு வீடியோ அனுப்பினார். அன்றைக்கு மிளகு விற்கப் போகிற வழியில் வந்த அக்காவை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினோம். பச்சை நிற மாரிஸ். பூட்டில் சாவி நுழைகிறது, திரும்புகிறது. இரண்டு இருமல் இருமிவிட்டு இன்ஜின் ஓட ஆரம்பிக்கிறது. பின்னால் யாரோ விசிலடிக்கிறார்கள். மெர்சி சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும் எதையோ தேடுகிறவன்போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார் அக்கா. மூன்று தடவை பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து மகளுக்கு அடித்தார். கார் ஓடியதைத்தான் சொல்லப் போகிறார் என்று நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

அந்தப் பக்கம் யமுனா "அம்மா" என்றதும் பாப்பாத்தியக்கா கேட்டார்:

"மாத்திர போட்டியா சாமி?"