மலர்விழியின் கைக்கு ஏற்ற பிஸ்டல்

வாங்க வருபவரின் கண்ணை அடக்கிக் கையைப் பேசவைப்பதே துப்பாக்கி விற்பவனின் தொழில். எந்தக் கடையிலேனும் நின்று கால் கடுத்த அன்பர்கள் கண் ஒன்றைக் கேட்கக் கை வேறொன்றைக் கேட்கும் துன்பத்தை அறிவர். ஸ்ரீபெரும்புதூரில், உரிமம் பெற்றோருக்கு விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் எங்கள் கடையில் நேர்ந்தவை இவை.

பளபளப்பு

மலர்விழி ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலையில் பணிபுரியும் திருநெல்வேலிப் பெண். துப்பாக்கி சுடும் மன்றத்தின் இரவல் துப்பாக்கியிலேயே சுடப் பழகியவர். மாநிலப் போட்டிக்கான தேர்வு நெருங்கவே, சுடச் சுட அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் ஒன்றைச் சொந்தமாக வாங்க வந்தார். துணைக்கு அவருடைய சூப்பர்வைசர் குமார்.

வெள்ளி போல் மின்னிய ஒன்றைக் குமார் காட்டினார். மலர்விழியின் விரல் விசையை எட்டவில்லை. "கைக்குப் பொருந்தாத அழகு குறியைக் கெடுக்கும்" என்று எடுத்துரைத்து, விலை குறைந்த கறுப்புத் துப்பாக்கியை நீட்டினேன். மலர்விழி இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்க்க, குமார் பொறுமை இழந்தார்: "இன்னாம்மா, துப்பாக்கி எடுக்க வந்தியா, செருப்பு எடுக்க வந்தியா? போட்டுப் போட்டுப் பாத்துகினு கீறியே!"

பசி

தண்டலம் பக்கத்துச் சுடுதளத்தில் இரண்டையும் சோதித்தோம். மின்னியது விலை உயர்ந்த தோட்டாவை மட்டுமே ஏற்றது. சாதாரணத் தோட்டாவைக் கொடுத்தால் சிக்கி நின்றது. கறுப்போ எதைக் கொடுத்தாலும் தயங்காமல் சுட்டது. அன்றாடப் பயிற்சிக்கு உதவாத உயர்வு நமக்கு எதற்கு, அன்பர்களே? மலர்விழி முடிவெடுத்துவிட்டார்: "எங்க ஹாஸ்டல் பிள்ளைகள மாதிரில்லா இருக்கு அண்ணே, எதப் போட்டாலும் திங்குது. இதையே குடுங்க!"

சந்தனம்

தேர்வுக்கு முதல்நாள் ஆயுத பூசை. தொழிற்சாலை எந்திரங்களுக்குப் பொட்டு வைத்த கையோடு கடைக்கு வந்த குமார், பாதுகாப்புக்காக எங்களிடம் விட்டிருந்த மலர்விழியின் துப்பாக்கிக்கும் பக்தியுடன் சந்தனம் அப்பினார். மேலே இருந்ததைத் துடைத்தோம். இடுக்கில் இறங்கியதை எவரும் அறியவில்லை.

மறுநாள் ஆயுதச் சோதனையில் துப்பாக்கியின் மேற்பகுதி அசைய மறுத்தது. சந்தனம் கல்லாகியிருந்தது. "பேர் கூப்பிடறதுக்குள்ள சரி பண்ணலன்னா நீங்க கிடையாதும்மா" என்றார் அலுவலர். மின்னியதாக இருந்திருந்தால் திருப்புளியைத் தேடியே பொழுது போயிருக்கும். கறுப்பைக் கையாலேயே பிரிக்கலாம். மலர்விழி பிரித்தார், பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார், எண்ணெய் விட்டுப் பூட்டினார். பெயர் அழைக்கப்பட்டபோது வரிசையில் நின்றார், தேர்வும் பெற்றார்.

பக்தி வேறு, பராமரிப்பு வேறு என்று குமாருக்கு அறிவுரை கூற வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: "பாத்தியா சார், நான் பூஜ போட்டதாலதான் பொண்ணு செலக்ட் ஆச்சு!"

கைக்குப் பொருந்துவதும் கொடுத்ததை உண்பதும் மட்டுமன்று, அன்புடையோர் அப்பும் சந்தனத்தையும் தாங்கிப் பிழைப்பதே நல்ல துப்பாக்கியின் இலக்கணம்.