மீன்கொத்தியின் பொந்து

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, டயகம தேயிலைத் தோட்டத்தில் வழக்கம்போலத் தனியாகப் பறவை பார்க்கப் போனேன். காட்டோரத்திலும் புல்வெளியிலும் ஒரு சத்தமும் இல்லை. கடைசியாக, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், ஓடைக்கு மேலே இருக்கும் மண்திட்டுக்கு வந்தேன். மீன்கொத்தி குடியிருந்த பொந்திலிருந்து செம்மண் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எந்த மழையிலும் நனையாத பொந்து அது. திட்டு உள்ளுக்குள் கரைகிறது என்று புரிந்தது.

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணியிடம் சொல்லப் போனேன்.

"வாங்க குருவிக்காரரே! இன்னைக்கு எது முட்டை போட்டுச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

லயத்தில் திட்டை ஒட்டிய கடைசி அறையான காம்பராவில் குடியிருந்த மாரியாயி அக்கா மட்டும், "சும்மா இருங்க கங்காணி, தம்பி ஏதோ சொல்ல வருது" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று மத்தியானம் திட்டு சரிந்து கடைசிக் காம்பராவை மூடியது. பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அக்கா உள்ளே இருந்தார்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா அடிச்சாவது கிளப்பியிருப்பேனே!" என்று கங்காணி அழுதார். அவர் பக்கத்தில்தான் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பெரட்டில் எனக்காகப் பேசியவர் அக்கா ஒருவர்தான். இதை இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.