ஒசூர் பஸ்ஸுக்கு ஒரு பூசணி விளக்கு

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேய்களுக்கு விழா எடுத்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தம்பி யூ.கே.ஜி. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்த புது மிஸ் ஒருவர், அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் என்று ஒன்று வரும், உலகமே கொண்டாடும், நாமும் கொண்டாட வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். உலகம் என்பதில் எங்கள் மாரண்டஹள்ளியும் சேர்த்தி என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் ஒரே பெருமை.

அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. அப்பா அதை ஆலவின் என்றார். அம்மா அந்த வம்பே வேண்டாம் என்று பேய் நோம்பி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"ஆயுத பூசைக்குப் பூசணிக்காயில மூஞ்சி எழுதி ஒடைச்சு இன்னும் ரோட்டுல தோல் கெடக்குது. அதையே இங்கிலீசுல செய்யறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா?" என்று கேட்டார் அப்பா. அவர் காய்கறி மண்டியில் கமிஷனுக்கு வியாபாரம் செய்தவர். கேட்டாரே தவிர, விழாவுக்கு முந்தின நாள் மண்டியிலிருந்து உருண்டையாக, கைக்கு அடக்கமாக, நல்ல சிவந்த சர்க்கரைப் பூசணி ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா அதன் மேல்பக்கத்தை மூடிபோல் அறுத்து, உள்ளே இருந்ததைச் சுரண்டிப் பொரியலுக்கு எடுத்து வைத்தாள். விதையை முறத்தில் காயப் போட்டாள். மிச்சம் இருந்த கூட்டில் நான் இரண்டு கண்ணும் ஒரு பல்வரிசையும் வெட்டினேன். தம்பி அதற்குச் சணல் கயிற்றில் கைப்பிடி கட்டச் சொன்னான். கட்டியதும் அது பால் தூக்குப் போசிபோல ஆகிவிட்டது. பயமுறுத்தும் லட்சணம் துளியும் இல்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு செய்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த வருடம் எங்கள் வீட்டில் சிரிப்பே கொஞ்சம் தயங்கித்தான் வரும். ஆடி மாதம் சித்தப்பா இறந்துபோயிருந்தார். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். கல்யாணம் ஆகவில்லை. ஒசூரில் ஒரு கம்பெனியில் வேலை. சனிக்கிழமை தவறாமல் ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவார், கையில் பேக்கரிப் பொட்டலம், அதற்குள் தேங்காய் பன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான்கைந்து நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. காரியம் முடியும்வரை எங்கள் இருவரையும் அம்மாவின் அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்ததாகப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது சித்தப்பாவின் போட்டோ பீரோவுக்குள் போயிருந்தது. அவர் சட்டைகளைக் காணவில்லை. அவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா விடியற்காலையில் மண்டிக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், படுத்தார். அழுது நான் பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்குச் செத்துப்போன பெரியவர்களுக்கெல்லாம் அம்மா இலை போட்டுப் படைத்தாள். சித்தப்பாவுக்கும் ஒரு இலை போடட்டுமா என்று அவள் கேட்டதற்கு, "வருசம் திரும்பாம போடக் கூடாது" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தம்பியிடம் சித்தப்பா செத்துப்போய்விட்டார் என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு அது ஒசூரைத் தாண்டி இருக்கும் இன்னொரு ஊர். 'போய்விட்டார்' என்றால் வரவும் வேண்டும் அல்லவா?

விழாவில் நான் பேச வேண்டும். ஹாலோவீன் எப்படித் தோன்றியது என்று மிஸ் ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைத் தோட்டமெல்லாம் நடந்து உருப்போட்டேன். தம்பி பின்னாலேயே வந்து ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டான். அவன் வாயை மூட வைக்க அர்த்தம் சொல்வதுதான் சுலபமான வழி.

ரொம்ப தூரத்தில், ரொம்பக் குளிரான ஒரு தேசம். அறுவடை முடிந்து, மலையில் மேயப் போன மாடுகளையெல்லாம் கீழே ஓட்டி வந்த பிறகு அங்கே குளிர்காலம் தொடங்கும். அது தொடங்குகிற அந்த ராத்திரி மட்டும் செத்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவில் கதவு திறந்திருக்கும். செத்தவர்கள் அவரவர் வீட்டைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்குச் சாப்பாடு எடுத்து வைப்பார்கள். இருட்டில் வழி தெரிய வேண்டும் என்று விளக்கு வைப்பார்கள். பூசணி கிடைக்காத காலத்தில் ஏதோ கிழங்கைக் குடைந்துதான் விளக்கு செய்தார்களாம். கூடவே கெட்ட பேய்களும் வரும் என்பதால், அவற்றுக்கு நம்மை அடையாளம் தெரியாமல் இருக்க முகமூடி போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் செத்தவர்களுக்காகச் சாமி கும்பிட்டுப் பணியாரம்போல ஒன்றை வாங்கிச் சாப்பிடுவார்கள். அதுதான் இப்போது சாக்லேட் ஆகிவிட்டது.

"நம்ம வூட்டுக்கும் வருவாங்களாக்கா?" என்றான் தம்பி.

"எல்லார் வூட்டுக்கும்தான் வருவாங்க. என்னைய படிக்க வுடு" என்றேன்.

விழா ஒரு சனிக்கிழமை. எனக்குக் கரியில் மீசையும் குங்குமத்தில் கோரைப்பல்லும் வரைந்திருந்தார்கள். தம்பிக்கு அப்பாவின் பழைய வேட்டியில் இரண்டு ஓட்டை போட்டுத் தலையோடு போர்த்திவிட்டிருந்தாள் அம்மா. ஓட்டை கண்ணுக்கு நேராக நிற்காமல் காதுப் பக்கம் போய்விடும். பேய் போகிற இடமெல்லாம் முட்டிக்கொண்டது. நான் பேச்சைத் தடுமாறாமல் ஒப்பித்துவிட்டேன். கடைசியில் தலைமையாசிரியை, இந்த இனிய நன்னாளில் எல்லாரும் பேய்களைப்போல ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று ஏதோ வாழ்த்தினார். மதியம் வேனில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எங்களுடையது தோட்டத்து வீடு. ஒசூர் ரோட்டுக்கு மண்பாதையில் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். பாதை எங்கள் கிணற்றை ஒட்டித்தான் போகும். அன்று சாயங்காலம் தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது. அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் தொட்டியடியில் மீசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். கரி போகவே மாட்டேன் என்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது தம்பி இல்லை.

முதலில் யாருக்கும் பயம் வரவில்லை. கட்டிலுக்கு அடியில், வைக்கோல் போருக்குப் பின்னால் எல்லாம் பார்த்தோம். கூப்பிட்டோம். பேய் விளையாட்டு விளையாடுகிறான் என்றே நினைத்தோம். அம்மாவின் குரல்தான் முதலில் மாறியது. அவள் பாதையில் ஓட, நான் பின்னால் ஓடினேன். கிணற்றருகில் அவள் நின்றுவிட்டாள்.

வேட்டி கிணற்றில் கிடந்தது. ஒரு முனை உள்சுவர்க் கல்லில் மாட்டியிருக்க, மீதி தண்ணீரில் விரிந்து மெதுவாக அசைந்தது. கண்ணுக்கென்று போட்ட ஓட்டை மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

அம்மா போட்ட சத்தம் மனுஷக் குரல் மாதிரியே இல்லை. மண்டியிலிருந்து வந்துகொண்டிருந்த அப்பா, வண்டியைப் பாதையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் குதித்தார். ஐப்பசி மழையில் கிணறு பாதிக்குமேல் நிறைந்திருந்தது. முங்கினார், எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். பக்கத்துத் தோட்டத்து மாமா "ஏனாய்த்து, ஏனாய்த்து" என்று ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கிறார்; அவர் வீட்டில் கன்னடம்தான் பேசுவார்கள். விஷயம் தெரிந்ததும் திரும்பி ஓடி, கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கும் பாதாளக் கரண்டியைக் கயிற்றோடு கொண்டுவந்தார். அந்தக் கொக்கிகளைப் பார்த்ததும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத போடாதீங்கண்ணா, அத மட்டும் போடாதீங்க" என்று கெஞ்சினாள். அது தம்பியின் உடம்பில் குத்திவிடும் என்று அவளுக்குப் பயம். தண்ணீரிலிருந்து அப்பாவின் தலை ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அவர் கையை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கை வெறுமனே இருந்தது.

பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு மொபெட்டில் வந்த அக்கா ஒருவர் பாதையில் கிடந்த அப்பாவின் வண்டியைப் பார்த்து நிறுத்தினார்.

"என்னாங்க, எல்லாரும் கெணத்த சுத்தி நிக்கிறீங்க? உங்க பையன் அங்க பஸ் ஸ்டாப்புல பூசணிக்காய மடியில வெச்சிக்கினு குந்தியிருக்கான். வாடான்னா வர மாட்டேங்கறான்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மறுநொடி எழுந்து ஓடினாள். அப்பா எப்படி மேலே வந்தார் என்று எனக்கு நினைவில்லை. அவர் காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

அவன் அங்கேதான் இருந்தான். நிழற்குடையின் சிமெண்டு மேடையில், தலையைப் படிய வாரிக்கொண்டு, மடியில் பூசணி. உள்ளே மெழுகுவத்தி எரிந்தது. எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்த பெண்தான் அதைப் பற்ற வைத்துக் கொடுத்திருக்கிறார். யாரோ சொந்தக்காரர் வரப்போகிறார் என்று அவன் சொன்னானாம். நடக்கிற சங்கதிதானே என்று ஒரு போண்டாவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா அவனை வாரி எடுத்தாள். முதுகில் இரண்டு வைத்தாள். அடித்த இடத்திலேயே முத்தம் கொடுத்தாள்.

"வேட்டிய எதுக்குடா கெணத்துல போட்ட? எதுக்குடா?"

"நான் போடலம்மா. கெணத்தோரக் கல்லு மேலதான் வெச்சேன், காத்து தள்ளிடுச்சு" என்றான் தம்பி, அடி வாங்கிய அழுகையோடு. "அத போத்திக்கினு இருந்தா சித்தப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியாதுல்ல?"

அவன் எல்லாருக்கும் பொறுமையாக விளக்கினான். இன்றைக்குச் செத்தவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள், அக்கா இங்கிலீஷில் சொன்னாள். சனிக்கிழமை வேறு. இருட்டாகிவிட்டால் டிரைவருக்கு நம் நிறுத்தம் தெரியாது. ஒசூர்ப் பக்கம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்காமல் எல்லாரும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றிருந்த அப்பா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏங்க, வாங்க வூட்டுக்குப் போலாம். சளி புடிச்சிக்கும்" என்றாள் அம்மா.

"இரு. ஆறரை பஸ் வந்துரட்டும்" என்றார் அப்பா.

டீக்கடைப் பெண் அவருக்கு ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் நான்கு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். செத்துப்போனதாக நினைத்த பிள்ளை பக்கத்தில் போண்டா தின்றுகொண்டிருந்தது. அம்மா அவன் சட்டையின் ஒரு ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தாள்.

பஸ் வந்தது. கம்பெனிப் பையன்கள் சிலர் இறங்கினார்கள். பூக்கூடையோடு ஒரு அம்மாள், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒருவர். அவ்வளவுதான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபோது அப்பா எழுந்துபோய் ஒரு கையால் பின்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குனிந்து உள்ளே ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தார்.

"யாருங்க வரணும்?" என்றார் கண்டக்டர்.

"தம்பி" என்றார் அப்பா.

"ஸ்டாப்புல எறங்கறவங்க அவ்ளோதாங்க. அடுத்த வண்டில வருவாருங்க."

அப்பா கையை எடுத்தார். பஸ் போனது. தம்பி அது போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "சித்தப்பாக்கு லீவு கெடைக்கல போல" என்றான்.

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிப்பு அடங்க அவருக்கு இவ்வளவு நேரம் ஆகிறதே என்று நான் நினைத்தேன். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி பீரோ திறந்தது. அம்மா போட்டோவை எடுத்துத் துடைத்து வைத்து, வருடம் திரும்பியதா இல்லையா என்று யாரையும் கேட்காமல் ஒரு இலையைப் போட்டாள். பூசணிப் பொரியலைத்தான் முதலில் வைத்தாள். அப்பா தடுக்கவில்லை. "அவனுக்குப் பூசணியே ஆவாது, தட்டுல ஓரமா ஒதுக்கிடுவான்" என்றார். சித்தப்பாவைப் பற்றி ஆடி மாதத்துக்குப் பிறகு அவராகப் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு நிறுத்தாமல் பேசினார். சின்ன வயதில் இருவரும் ஒரே சைக்கிளில் போய் விழுந்தது, மாந்தோப்பில் மாட்டிக்கொண்டது, எல்லாம். வீட்டில் மூச்சுவிட இடம் வந்ததுபோல் இருந்தது.

எனக்கு மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"ஏம்ப்பா, தம்பிதான் நம்மகூடவே குந்தியிருந்தானே, அப்புறம் எதுக்கு கண்டக்டர்கிட்ட தம்பி வரணும்னு சொன்ன?"

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா என்னையும், என் பக்கத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த தம்பியையும் பார்த்தார்.

"கொழம்பிட்டேன் கண்ணு. வந்துட்டான்ல, சாப்புடு" என்றார்.

பயத்தில் அப்பாவுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.