உம்மா பெயருக்கு ஒரு கட்டம்

"வெத்திலயத் துப்பிட்டு நல்லாக் கொப்புளிங்க காக்கா, அரை மணித்தியாலத்துக்குப் பொறகுதான் பஞ்சுக்குச்சி," என்கிறார் றுமைஸா, தன்னைவிட மூத்த தோட்டக்காரர் ஒருவரிடம். அரை மணி நேரம் என்றால் அரை மணி நேரம்தான். குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டத்தில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக் காத்திருப்பாரே தவிர, சிவந்த வாயில் குச்சியை விடமாட்டார்.

முப்பது வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாக நடந்தவர். ஓய்வுபெற்றால் சும்மா இருக்கலாம். அவருக்கு அது எங்கே முடிகிறது? ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக ஸ்கூட்டியில் கரையெல்லாம் சுற்றி, ஆட்களின் கன்னத்து உட்புறத்தை வழித்தெடுக்கிறார். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைக்கு வருகிற மரபணுவை அதில் பார்ப்பார்களாம். ஆண்களுக்கும் அது வரும், ஆனால் அவர்களோடு நின்றுவிடும் என்று விளக்கும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை.

உம்மாவின் உம்மா எந்த ஊர் என்று கேட்டால், கப்பலில் வந்த அரபுப் பாட்டன் கதையைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். றுமைஸா பொறுமையாகக் கேட்பார். பிறகு, "அவர் வந்தார், சரி. கரையில அவருக்குச் சோறு போட்டவ ஆரு? எனக்கு அவட கதைதான் வேணும்," என்பார்.

பள்ளிவாசல்துறையில் மர்ளியா என்ற பெண், ஆய்வுப் படிவத்தில் தாயின் பெயர்க் கட்டத்தில் ஜுமானா என்று எழுதியிருந்தார். ஜுமானா பக்கத்திலேயே இருந்தார். இந்தப் பக்கம் பால் கொடுத்தவரும் உம்மாதான். அதனால் பெற்றவரா என்று றுமைஸா எல்லாரிடமும் கேட்பார். அன்றும் கேட்டார். ஜுமானாவின் முகம் சுருங்கிவிட்டது.

மர்ளியாதான் சொன்னார். தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்த வள்ளத்தில் அவர் கைக்குழந்தை. கரை சேர்ந்த மறுநாள் காய்ச்சலில் தாய் மவுத்தாகிவிட்டார். அவர் யார், எந்த ஊர் என்று வள்ளத்தில் ஒருவருக்கும் தெரியாது. தன் பிள்ளையோடு இந்தப் பிள்ளைக்கும் பால் கொடுத்தவர் ஜுமானா.

"இதுல என்ட உம்மாட பேரு வருமா ராத்தா?"

வரும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். றுமைஸாவின் வாயில் அது வராது.

"பேரு வராது தங்கச்சி. ஆனா இதுல இருக்கிறது அவ தந்தது. அவட உம்மா அவக்குத் தந்தது."

ஜுமானாவின் பெயரை வெட்டத்தான் வேண்டியிருந்தது. வெட்டினார். உடனே அடிமட்டம் வைத்துக் கீழே இன்னொரு கட்டம் கீறி, 'பால் தந்த உம்மா' என்று தலைப்பிட்டு, அந்தப் பெயரை முன்னதைவிடப் பெரிதாக எழுதினார். படிவத்தைக் குழப்பியதற்குப் பல்கலைக்கழகத்தில் ஏச்சு விழலாம். விழட்டுமே! ஜுமானா முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மர்ளியாவின் கன்னத்தை வழித்தார். குச்சியைக் குழாயிலிட்டு இறுக மூடினார். உறைக்குள் போடப் போன கை நின்றது. கொஞ்ச நேரம் மகளிடம் இருக்கட்டும் என்று குழாயை மர்ளியாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.