வாய்ஸ் கடைசியில் போகும்

என் வீட்டுக்காரருக்குக் கன்டெய்னர் கப்பலில் எலக்ட்ரிக்கல் வேலை. நடுக்கடலில் கப்பல் ஆட்கள் அத்தனை பேருக்கும் ஒரே சேட்டிலைட் லைன்தான். முன்பு ஆளுக்குக் கால்மணி நேரம் என்று முறை வைத்திருந்தார்கள். டூட்டியில் இருப்பவனின் முறை சும்மா போகும்; பேசத் துடிப்பவன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இவர்தான் அதை மாற்றினார். அனுப்ப வேண்டியது இருக்கிறவன் அனுப்பட்டும், சின்ன மெசேஜ் முந்திப் போகட்டும், வாய்ஸும் படமும் லைன் காலியானதும் போகட்டும். கப்பலே கொண்டாடியது. இங்கே மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் எங்களுக்கும் அதே சட்டம். "சுருக்கமா டைப் பண்ணு லா, எல்லாருக்கும் லைன் வேணும்." பெண்டாட்டியும் கியூவில்தான் நிற்கணும்! ஆனாலும் எனக்குப் பெருமைதான்.

மாமாவுக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு, தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டுமாம். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டிய மனுஷன். வாயைத் திறந்தால் கார் பார்க் வரை கேட்கும். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் வார்டிலிருந்து இவரைப் போனில் கூப்பிட்டேன். கப்பல் பக்கம் புயல். "ஹலோ" என்று மட்டும் கேட்டது, கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அதே கதை.

"விடும்மா, எழுதி அனுப்பு. அதுதான் டக்குனு போகும்னு பீத்திக்குவானே" என்ற மாமா, கரகரத்த தொண்டையோடு மகனைத் திட்ட ஆரம்பித்தார். "டேய் முட்டாப் பயலே, வீட்டுல ஃபேன் சுத்தல, நீ கடல்ல சுத்துற. வந்து சேருடா. நான் எங்கேயும் போயிட மாட்டேன்."

நான் திட்டையெல்லாம் வெட்டிவிட்டு, "அப்பா தைரியமா இருக்கார். உங்களை வரச் சொன்னார்" என்று தட்டினேன். உடனே போய்விட்டது. எனக்கும் திருப்தி. அடிப்பாவி, போன் கையில்தானே இருந்தது! ரெக்கார்ட் பட்டனை அமுக்கிப் பிடித்திருந்தால் போதும். டைப் பண்ணியே பழகிய எங்கள் வீட்டில் மாமாவின் குரல் எந்தப் போனிலும் இல்லை.

மறுநாள், மாமா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தபோது இவரிடமிருந்து மெசேஜ் வந்தது. "லைன் காலியா இருக்கு. நேத்து அப்பா பேசினதை வாய்ஸா அனுப்பு. எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

எதை அனுப்புவேன்?

கான்ட்ராக்ட் முடிந்து வந்ததும் முதல் வேலையாக ஏணி போட்டு ஃபேனைக் கழற்றினார். மாமா கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கழுத்துத் துளையை மூடிய துணியோடு.

"அன்னிக்கு அப்பா என்ன சொன்னாரு?"

திட்டு உட்பட அத்தனையும் சொன்னேன்.

"இப்படியில்ல. அவர் சொன்ன மாதிரியே சொல்லு."

குரலை உயர்த்திச் சொல்லிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. மாமா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அதையே தானும் வாயசைத்துச் சொன்னார். இவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து, அந்த வாயருகே காதை வைத்துக்கொண்டு நின்றார்.