வெள்ளைத் துணியில் ஒற்றைக் கெளுத்தி

எங்கள் ஊர் லமோங்கானில், தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளின் முகப்பில் கட்டுகிற துணித்திரையில் படமும் பெயரும் எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வண்டியில் போகிறவனை பிரேக் பிடிக்க வைக்கிற கை என்னுடையது ஒன்றுதான். இதை அடுத்தவன் சொல்லட்டும் என்று காத்திருக்க எனக்கு வயசில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட வார்சிடி நான்.

என் முதல் திரை, பக்கத்துப் பெருநகரமான சுரபாயாவில் பொரித்த கெளுத்தி விற்ற முஜாரி அண்ணனுக்கு. தெரு முழுக்கக் கெளுத்திக் கடைகள். நடுவில் இருந்த இவர் கடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தத் திரையும் எடுபடாவிட்டால் அவர் கடையை மூட வேண்டியதுதான். நானும் மறுபடி ரிக்‌ஷா மிதிக்க வேண்டியதுதான்.

திரையை விரித்தேன். பெரிதாக ஒரு ஆரஞ்சுக் கெளுத்தி, கீழே கடைப் பெயர், மூலையில் சின்னக் கோழி. மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை.

"என்ன தம்பி, பெயின்ட் தீந்துபோச்சா?"

"தீரலண்ணே. இது போதும்னு நிறுத்திட்டேன்."

"முழுத் துணிக்கும்ல காசு குடுத்தேன். பக்கத்துக் கடையப் பாரு. வாத்து, இறால், நண்டு, எல்லாம் இருக்கு."

"இருக்கு. அதுல எது முதல்ல கண்ணுல பட்டுச்சு, சொல்லுங்க."

அவர் மனைவி ருமினா மீனுக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் அரைத்துக்கொண்டே சிரித்தார். "அந்தக் கூட்டத்துல உங்கள நிறுத்துனா எனக்கே அடையாளம் தெரியாது."

அண்ணன் விடவில்லை. "மீன் ஏன் இந்தப் பக்கம் பாக்குது?"

"நம்ம வாசல் இந்தப் பக்கம்தானே? மீன் மூஞ்சி போற பக்கம்தான் பாக்குறவன் கண்ணும் போகும். திருப்பிப் போட்டா பக்கத்துக் கடைக்கு நாமளே ஆள் அனுப்புன மாதிரி."

"சரி, ஒரு வாத்தாவது போடேன்."

"விளக்கு வைக்கிற வரைக்கும் பொறுங்க. ஆள் வரலைன்னா வாத்தென்ன, மாடே வரைஞ்சு தரேன்."

பொழுது சாய்ந்தது. எல்லாக் கடைகளிலும் திரைக்குப் பின்னால் விளக்கு ஏறியது. நெருக்கி எழுதிய திரைகள் வெளிச்சத்தை விழுங்கிவிட்டு மங்கி நின்றன. எங்கள் வெள்ளை மட்டும் தெருமுனை வரை பளீரென்று எரிந்தது. அதன் நடுவே என் கெளுத்தி வாசலைப் பார்த்து நீந்தியது.

முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. பின்னால் வந்தவனும் நின்றான். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் இடமில்லை, நின்றுகொண்டே தின்றார்கள்.

"அண்ணே, வாத்து போடட்டுமா?" என்று கேட்டேன்.

எண்ணெய்ச் சட்டியிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. "வாத்தாவது கோழியாவது. நீ போய் தட்டக் கழுவு."

அதுதான் நான் கடைசியாகக் கழுவிய அடுத்தவர் தட்டு. மறுநாளே பக்கத்துக் கடைக்காரர் புதுத் துணியோடு வந்து நின்றார்.

"எனக்கும் அதே மாதிரி கொஞ்சமா எழுதிக் குடுப்பா."

"கொஞ்சமா எழுதணும்னா கூலி கூட," என்றேன். கொடுத்தார்.